சரிபார்க்கும் எழுத்து

(ஓசூரில் அச்சகத்தார், தட்டச்சுப் பயிற்சி நடத்துவோர், சிறுதொழில் பட்டறையினர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை உங்களில் பலருடைய கம்பெனி கேட்டில் கைமாறிய ஒரு தாளிலிருந்து தொடங்குகிறேன். டெலிவரி சலான். இரண்டு ஓரத்திலும் துளை போட்ட தொடர்தாள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கர்ர் கர்ர் என்று அடித்து வெளியே வரும். மூன்று பிரதி. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அதை வாங்கி, வண்டி எண், உருப்படி எண்ணிக்கை, கட்டு எத்தனை என்று விரலை வைத்துக்கொண்டே மேலிருந்து கீழே இறங்குவார். அவர் ஒடிசாக்காரராக இருக்கலாம், பக்கத்துப் பாகலூர்க்காரராக இருக்கலாம். அந்தத் தாளை அவர் வாசிக்கவில்லை, சரிபார்க்கிறார். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

அந்தச் சலானில் உள்ள எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம். ஆங்கில ஐ என்ற ஒற்றைக் கோட்டுக்கும், எம் என்ற மூன்று கால் எழுத்துக்கும் ஒரே இடம்தான். புள்ளிக்கும் அதே இடம், காற்புள்ளிக்கும் அதே இடம். இதே குடும்பத்தின் பெரியவர் உங்கள் கணினியில் இருக்கிறார், பெயர் கூரியர். டாட் மேட்ரிக்ஸின் அவசர எழுத்தில் தெளிவாகத் தெரியாத ஒன்று கூரியரில் தெரியும். எழுத்துகளின் கால் நுனியிலும் தலை நுனியிலும் தட்டையாக, தடிப்பாக ஒரு பாதம் இருக்கும். அச்சுக்கலைக்காரர்கள் இதை ஸ்லாப் செரிஃப் என்கிறார்கள். ஒரே அகலம், தடித்த பாதம் என்ற இந்த இரண்டு குணங்களும் ஏன் ஒன்றாகச் சேர்ந்தன என்பதில் ஒரு நல்ல கதை இருக்கிறது.

தடித்த பாதம் முதலில் பிறந்தது குமாஸ்தா வேலைக்காக அல்ல. லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் 1815 என்று தேதியிட்ட தன் மாதிரிப் புத்தகத்தில் இப்படிப்பட்ட எழுத்தை வெளியிட்டார். சுவரொட்டி, லாட்டரி விளம்பரம், நாடக நோட்டீஸ் என்று தெருவில் கத்த வேண்டிய இடத்துக்கு உகந்த எழுத்து அது. ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து தட்டச்சு இயந்திரம் வருகிறது. 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தில் பேரெழுத்து மட்டும்தான், சிற்றெழுத்து 1878-இல்தான் வந்தது. அந்த இயந்திரத்தின் கேரேஜ் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பல் நகரும். ஐ அடித்தால் கொஞ்சம், எம் அடித்தால் நிறைய என்று நகர வைப்பது செலவு பிடித்த வேலை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. பைக்கா என்ற அளவில் அங்குலத்துக்குப் பத்து எழுத்து, எலைட் என்றால் பன்னிரண்டு.

இப்போது சிக்கல் தொடங்குகிறது. எம் எழுத்துக்குத் தேவையான அகலத்தில் ஐ எழுத்தை நட்டுவைத்தால், இருபுறமும் வெறும் வெள்ளை. வார்த்தை பல் விழுந்த வாய்போல ஆகிவிடும். அதற்கு வழியாகத்தான் தெருவில் கத்திக்கொண்டிருந்த அந்தத் தடித்த பாதத்தை ஆபீசுக்குள் கூட்டிவந்தார்கள். ஐ-க்குக் கீழே நீளமான பாதம், மேலே இடப்பக்கம் ஒரு கொடி. எல்-லுக்கும் அப்படியே. வெள்ளை அடைபட்டது. எம் எழுத்தின் கால்களை நெருக்கி, பாதங்களைக் குறுக்கினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. புத்தக அச்சில் வரும் மயிரிழைக் கோடுகள் தட்டச்சுக்கு ஆகாது. சுத்தியல் மாதிரி வந்து விழும் உலோகத்தில் மெல்லிய விளிம்பு இருந்தால் ரிப்பனையும் தாளையும் அறுத்துவிடும். ஒரே தடிமனான கோடும் தட்டையான பாதமும் அடியின் பாரத்தைப் பரப்பி வாங்கிக்கொள்ளும்.

இங்கே பழைய டைப்பிஸ்ட்கள் இருந்தால் ஸ்டென்சில் வெட்டியது நினைவிருக்கும். ரிப்பனை ஒதுக்கிவிட்டு நேராக மெழுகுத்தாளில் அடிப்போம். கொஞ்சம் அழுத்திவிட்டால் ஆங்கில ஓ-வின் நடுவட்டம் பொத்தென்று விழுந்துவிடும், பிரதியில் ஓ எல்லாம் கருப்புப் பொட்டாக வரும். சங்க நோட்டீஸ்கள், சிறுபத்திரிகைகள், கல்லூரி விடுதி விதிமுறைகள் எல்லாம் அப்படித்தான் ஊருக்குள் பரவின.

கூரியரை வரைந்தவர் ஹோவர்ட் கெட்லர். 1955, 56 வாக்கில் ஐபிஎம் தட்டச்சு இயந்திரங்களுக்காக வரைந்தது. நம் நாட்டில் கோத்ரெஜ் முதல் தட்டச்சு இயந்திரத்தைச் செய்ததும் 1955-இல்தான். ஐபிஎம் கூரியருக்குத் தனியுரிமை பெறவில்லை. அதனால்தான் அது எல்லா இயந்திரத்துக்கும் போனது, பிறகு எல்லா லேசர் பிரிண்டருக்கும் போனது. விண்டோசில் வரும் கூரியர் நியூ ஏன் அவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். தட்டச்சு உலோகத்தின் முகத்தை அப்படியே அளந்து கணினிக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த உலோகம் ரிப்பன் வழியாக அடித்தால் மை கசிந்து தடித்துவிடும் என்று கணக்குப் போட்டு மெலிதாகச் செதுக்கப்பட்டது. கணினியில் ரிப்பன் ஏது? மை சேர்த்து வர வேண்டிய சதை வரவில்லை, எலும்பு மட்டும் வந்தது. 2013-இல் திரைக்கதை எழுத்தாளர்களுக்காக ஆலன் டேக்-கிரீன் வரைந்த கூரியர் பிரைம், அந்தச் சதையைத் திருப்பிக் கொடுத்தது. ஹாலிவுட்டில் இன்றும் திரைக்கதையை 12 புள்ளி கூரியரில்தான் தருகிறார்கள். அகலம் மாறாத எழுத்து என்பதால் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம் என்று தயாரிப்பாளர் கணக்குப் போட முடிகிறது.

சினிமாவை விட்டு ஓசூருக்கு வருவோம்.

இந்த ஊரே சரிபார்க்கும் ஊர். சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது, அதே ஆண்டு டிவிஎஸ் 50 இங்கிருந்து ஓடத் தொடங்கியது, பிறகு டைட்டன். பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சிட்கோவிலும் அதைச் சுற்றியும் முளைத்தன. ஒரு போல்ட் இங்கே கடையப்படும், அத்திப்பள்ளியில் முலாம் பூசிக்கொள்ளும், மறுபடி இங்கே வந்து சேரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு தாள். ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், டிரைவர் கையில் இருந்த தாள்களின் கட்டு எவ்வளவு தடிமன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடி போனது. தாள் போகவில்லை. விதிப்படி பொருள் அனுப்பும் பில் மூன்று பிரதி: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்பியவருக்கு ஒன்று. கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்றும் வர வேண்டுமென்றால் தாளை இடிக்கும் பிரிண்டர்தான் வேண்டும். லேசர் இடிக்காது. அதனால்தான் டாட் மேட்ரிக்ஸ் இன்னும் நம் ஸ்டோர்ஸ் அறைகளில் உயிரோடு இருக்கிறது.

அந்தத் தாளில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்வோம். பதினைந்து இடம். முதல் இரண்டு இடம் மாநிலம்: நம் தமிழ்நாட்டுப் பக்கம் 33, எல்லை தாண்டிக் கர்நாடகம் போனால் 29. அடுத்த பத்து இடம் பான் எண், அதிலும் ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து என்று வரிசை கட்டாயம். ஒரே அகல எழுத்தில் இந்த எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தால், எட்டாவது இடத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து நுழைந்திருப்பது விரல் வைத்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். சாதாரண எழுத்துருவில் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நீளம், எட்டாவது இடம் எங்கே என்று எண்ணிப் பார்த்தால்தான் உண்டு.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் சேசிஸ் எண். இந்த ஊரில் தயாராகும் ஒவ்வொரு வண்டியின் சட்டத்திலும் பதினேழு இடம் கொண்ட எண் பொறிக்கப்படுகிறது. டிவிஎஸ் வண்டி என்றால் எம், டி, 6 என்று தொடங்கும், லேலண்ட் என்றால் எம், பி, 1. உலகம் முழுக்க இந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்று அடியோடு நீக்கிவிட்டார்கள். மீதியெல்லாம் ஒரே இடைவெளியில் அடிக்கப்படும். இடையில் யாராவது ஒரு எண்ணைத் திருத்தினாலோ திணித்தாலோ இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். பழைய டைப் அடித்த பத்திரத்திலும் அதே கதைதான். ஆவண நிபுணர்கள் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டைத் தாளின்மேல் வைத்துப் பார்ப்பார்கள், பிறகு சேர்த்த வார்த்தை கட்டத்தை விட்டு விலகி நிற்கும். 2004-இல் அமெரிக்கத் தேர்தல் நேரத்தில், 1970-களில் டைப் அடித்ததாகச் சொல்லி ஒரு தொலைக்காட்சி சில ராணுவத் தாள்களைக் காட்டியது. எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறாக இருந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பிய முதல் விஷயங்களில் ஒன்று. கடைசியில் அவை உண்மையானவை என்று அந்த நிறுவனத்தாலேயே நிரூபிக்க முடியவில்லை.

கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் விஎம்சி இயந்திரம் ஓட்டும் தம்பிகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்ததுதான். டூலை மேலே தூக்க, இசட் 100 என்று எழுதி அதன்பின் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளியை விட்டுவிட்டால், வழக்கமான அமைப்பில் உள்ள ஃபானுக் கட்டுப்பாடு அதை நூறு மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளாது. நூறு மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். டூல் மேலே போனதாக நீங்கள் நினைப்பீர்கள், அது ஜாப்பை ஒட்டியே நிற்கும். அடுத்த வரி வேகமாகப் பக்கவாட்டில் போகச் சொல்கிறது. கிளாம்பில் போய் மோதும். டூல் போச்சு, சில நேரம் ஸ்பிண்டிலும் போச்சு. எல்லாம் ஒரு புள்ளி.

இந்தப் புள்ளி சாதாரண எழுத்துருவில் எவ்வளவு இடம் பிடிக்கும்? எண்ணின் அகலத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும், நூறின் வாலில் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். ஒரே அகல எழுத்தில் புள்ளிக்கும் ஒரு முழு இடம் உண்டு. அந்த இடத்தை நிரப்புவதற்காகவே வரைபவர் புள்ளியைக் கொழுக்க வைத்திருப்பார். இல்லாத புள்ளியும் தெரியும், மேல் கீழ் வரிகளோடு ஒப்பிட்டால் அந்த எண் ஒரு முழு எழுத்தளவு குறைந்து நிற்கும். புரோகிராமை வேர்டில் ஒட்டி அழகான எழுத்தில் பிரின்ட் எடுத்து ஆபரேட்டரிடம் கொடுக்கும் மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அதே நேரம் கூரியர் குறையில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் சிற்றெழுத்து எல்-லையும் எண் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் கீழே பாதம், இரண்டுக்கும் மேலே கொடி. வெள்ளையை அடைக்கப் போட்ட பாதமே இங்கே குழப்பத்துக்குக் காரணமாகிவிட்டது. இது தட்டச்சின் பிறவிக் கோளாறு. பழைய ரெமிங்டன் இயந்திரங்கள் பலவற்றில் ஒன்று என்ற விசையே கிடையாது, சிற்றெழுத்து எல்-லையே அடிக்கச் சொல்லித் தருவார்கள். பூஜ்யத்துக்கும் ஓ-வுக்கும் கூரியரில் பிடிக்கும் இடம் ஒன்றுதான், உருவத்தின் பருமனில்தான் வித்தியாசம். பாகத்தின் எண், டிராயிங் எண், திருத்த எண் எல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்து வரும் தொழிலில் இது ஆபத்து. 2017-இல் ஐபிஎம் தனக்கென்று வெளியிட்ட பிளெக்ஸ் மோனோ இதைச் சரிசெய்திருக்கிறது. பூஜ்யத்தின் நடுவில் ஒரு பொட்டு, எல்லுக்கும் ஒன்றுக்கும் வெவ்வேறு உருவம். இலவசமாகவே கிடைக்கிறது. என்னைக் கேட்டால் பட்டறைக்கு அதைத்தான் சொல்வேன்.

தட்டச்சுப் பயிற்சி நடத்துபவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த எழுத்தின் முழுப் பயனையும் தமிழ்நாட்டில் கையால் அறிந்தவர்கள் உங்கள் மாணவர்கள்தான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று முதல் நாள் தொடங்கி, லோயரில் பத்து நிமிடத்தில் 1500 அடி, ஹையரில் 2250 அடி வரை போவார்கள். ஆனால் வேகத்தாளைவிட எனக்கு இரண்டாம் தாள்தான் முக்கியம். ஸ்டேட்மென்ட், அதாவது அட்டவணை அடிப்பது. எட்டரை அங்குலத் தாளில் 85 எழுத்து. நடு 42. தலைப்பில் எத்தனை எழுத்தோ, இரண்டுக்கு ஒன்று என்று நடுவிலிருந்து பேக்ஸ்பேஸ் போய் அடிக்கத் தொடங்கினால் தலைப்பு தானாக நடுவில் உட்காரும். ஒவ்வொரு பத்திக்கும் மிக நீளமான வார்த்தையை எண்ணி, மீதி இடத்தைப் பங்கு போட்டு, டேபுலேட்டரைப் பொருத்துவார்கள். கணக்குப் பாடம்தான், காகிதத்தின் மேல் நடக்கிறது. ஒரே அகலம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளை ஒருத்தி, அளவுகோல் தொடாமல் ஒரு அட்டவணையை நடுவில் நிறுத்துகிறாள் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

தமிழில் இந்தக் கணக்கு இன்னும் சுவாரசியம். தலைப்பு என்ற சொல்லையே எண்ணிப் பார்ப்போம். த ஓரிடம். லை இரண்டிடம், கொம்புக்குத் தனி இடம். ப் ஓரிடம்தான், புள்ளிக்கு இடம் கிடையாது. பு ஓரிடம். ஆக ஐந்து. புள்ளிக்கு ஏன் இடமில்லை? அது நகரா விசை. புள்ளியை அடித்தால் கேரேஜ் நகராது, அதே இடத்தில் ப வந்து விழும். ஆகவே எழுதும்போது எழுத்துக்குப் பிறகு வைக்கும் புள்ளியை, அடிக்கும்போது முதலில் அடிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் 1886-இல் பிறந்தவர், மலாயா போய், சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஜெர்மனியின் சைடல் அன்ட் நௌமன் நிறுவனத்தில் பிஜு என்ற சிறு இயந்திரத்தைத் தமிழுக்குச் செய்வித்தார். ஆங்கிலத்தில் பேரெழுத்துக்கு என்று இருக்கும் ஷிஃப்ட் விசை தமிழ் இயந்திரத்தில் உகரத்துக்குப் போனது. க விசையோடு ஷிஃப்ட் அழுத்தினால் கு. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடைத்த சாமர்த்தியம் அது.

மாநில எல்லையில் வாழும் நமக்கு இன்னொன்றும் தெரியும். கன்னடத்தில் மெய்கள் சேர்ந்து வந்தால் பின்னது முன்னதன் காலடியில் தொங்கும், தெலுங்கிலும் அப்படியே. தமிழில் புள்ளி இருப்பதால் மெய்கள் எல்லாம் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும். வரியில் நேராக நகரும் இயந்திரத்துக்கு நம் எழுத்து முறை இந்த ஒரு விஷயத்தில் தோதானது. 1978-இல் அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் யானைத் துதிக்கை போய் சாதாரண ஐகாரக் கொம்பு வந்தது. அதுவும் இந்த நேர்வரிக்கு உதவியது.

ஆனாலும் ஒரே அகலத் தமிழ் எழுத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ண எழுத்துக்கு மூன்று சுழி, துணைக்காலுக்கு ஒடுங்கிய இரண்டு கால் மட்டும். இரண்டுக்கும் ஒரே இடம் கொடுத்தால் ண மூச்சு முட்டும், துணைக்கால் நடுத்தெருவில் நிற்கும். கா என்பது க, கொஞ்சம் வெள்ளை, துணைக்கால், கொஞ்சம் வெள்ளை என்று பிளந்து தெரியும். ஆங்கில ஐ-க்குச் செய்த வைத்தியத்தை இங்கே செய்ய முடியாது. துணைக்காலின் அடியில் ஒரு பாதம் ஒட்டிப் பாருங்கள், அது ரகரமாகிவிடும். பழைய டைப் அடித்த தமிழ்க் கடிதங்கள் படிக்கக் கரடுமுரடாக இருந்ததற்குக் காரணம் இயந்திரத்தின் வயது மட்டுமல்ல.

அதனால் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் எதற்கும் இந்தக் குடும்பத்தை அழைக்காதீர்கள். பழமைத் தோற்றம் வேண்டும் என்று காபிக்கடைக்காரர்கள் மெனுவில் கூரியர் போடுவதையும் நான் ரசிக்கவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையே 2004-இல் கூரியர் நியூவை விட்டு டைம்ஸ் நியூ ரோமனுக்குப் போனது. படிக்க வேண்டிய கடிதத்துக்கு அது சரியான முடிவுதான்.

கடைசியாக அச்சக நண்பர்களுக்கும் பில் மென்பொருள் போட்டுத் தருபவர்களுக்கும் ஒரு வேலை. சலானில் பொருளின் பெயர் தமிழிலும் வேண்டும் என்று இப்போது பட்டறைக்காரர்கள் கேட்கிறார்கள், நியாயமான கோரிக்கை. தமிழை எண்களுக்கு நடுவில் போடாதீர்கள், வரி நகர்ந்து எல்லாப் பத்தியும் கோணிவிடும். வரிசை எண், பாகத்தின் எண், எச்எஸ்என் என்ற சரக்கு வகைக் குறி, எண்ணிக்கை, தொகை எல்லாவற்றையும் ஒரே அகல எழுத்தில் இடப்பக்கம் முடித்துவிடுங்கள். தமிழ்ப் பெயரை வலது ஓரத்துக் கடைசிப் பத்தியில், சாதாரண அகலத் தமிழ் எழுத்துருவில் வையுங்கள். பெயர் நீண்டால் ஓரத்து வெற்றிடத்தில்தான் நீளும். உங்கள் பிரிண்டரில் தமிழ் படமாகத்தான் அடிக்கும், வேகம் குறையும், ரிப்பனும் சீக்கிரம் தேயும். அந்தச் செலவை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.